அதிவலிமை கான்கிரீட்: கலவைக் கணக்கு முதல் கியூப் சோதனை வரை

சாதாரண கான்கிரீட் கியூப் (வலிமையைச் சோதிக்க வார்க்கும் கனசதுரம்) ஒன்றையும் 80 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மி.மீ.க்கு 80 நியூட்டன்) கியூப் ஒன்றையும் உடைத்து அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஜல்லிகள் பெரும்பாலும் முழுசாகவே இருக்கும். சுற்றியிருந்த காரைதான் விட்டுக்கொடுத்திருக்கும். ஜல்லி கழன்று வந்த இடத்தில் வழவழப்பான குழி தெரியும். இரண்டாவதில் ஜல்லியே இரண்டாகப் பிளந்து, உடைந்த முகத்தில் கருங்கல்லின் பளபளப்பு தெரியும். காரை கல்லுக்குச் சமமாக நின்றிருக்கிறது, விரிசல் கல்லைச் சுற்றிப் போக வழியில்லாமல் அதை ஊடுருவிப் போயிருக்கிறது. அதிவலிமை கான்கிரீட்டில் நாம் செய்யும் வேலையெல்லாம் இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான்.

எதை அதிவலிமை என்பது? அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட் 55 மெகாபாஸ்கலிலிருந்து கணக்கு வைக்கிறது. ஐரோப்பிய விதிநூலில் சி50/60-க்கு மேற்பட்டவை அதிவலிமை. அந்தக் குறியீட்டில் முதல் எண் உருளையில் சோதித்த வலிமை, இரண்டாவது கியூபில் சோதித்தது. ஒரே கான்கிரீட்டுக்கு இரண்டு எண்கள் வருவதால், யாராவது "60 கான்கிரீட்" என்றால் எதில் சோதித்த 60 என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் 150 மில்லிமீட்டர் கியூபுக்கானவை. எம் 80 என்றால் 80 மெகாபாஸ்கல்.

படி 1: உண்மையிலேயே தேவையா?

அதிவலிமை கான்கிரீட் தன் விலைக்கு வேலை செய்யும் இடம் அழுத்தம் ஆளும் இடம், முக்கியமாகத் தூண். சின்னக் கணக்கு ஒன்று. 900 மி.மீ. சதுரத் தூணில் எம் 30 போட்டால், 0.4 × வலிமை × பரப்பு என்ற வழக்கமான சூத்திரப்படி கான்கிரீட்டின் பங்கு மட்டும் 9,720 கிலோநியூட்டன். அதே சுமையை எம் 80 தாங்க 0.304 சதுர மீட்டர் போதும், அதாவது சுமார் 550 மி.மீ. சதுரம். ஒவ்வொரு தூணிலும் அரைச் சதுர மீட்டர் தரை மிச்சம். கீழ்த்தளத்தில் கார் நிறுத்த இடம் போதாமல் தவிக்கும் கட்டடத்தில் இது பெரிய விஷயம்.

இப்போது 150 மி.மீ. ஸ்லாபை எடுங்கள். மீட்டருக்கு 500 சதுர மி.மீ. கம்பி போட்ட ஸ்லாபில் எம் 25-ஐ எம் 80 ஆக்கினால் வளைவுத் திறன் 6 சதவீதம்தான் கூடும். அங்கே கம்பிதான் சுமையைத் தீர்மானிக்கிறது. தொய்வைக் குறைக்கலாமே என்றால், விறைப்பு வலிமையின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் ஏறும். வலிமையை நான்கு மடங்காக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. ஸ்லாபுக்கு எம் 80 கேட்டு வரும் வரைபடத்தைப் பார்த்தால் நான் ஒரு முறை திருப்பிக் கேட்பேன்.

உயரமான கட்டடங்களின் கீழ்த்தளத் தூண்கள், பக்கவாட்டு விசையைத் தாங்கும் ஷியர் சுவர்கள், கம்பியை இழுத்து இறுக்கிச் செய்யும் நீளமான பிரிஸ்ட்ரெஸ் பாலக் கர்டர்கள், உப்புத் தண்ணீரில் நிற்கும் கட்டுமானங்கள், தேய்மானம் அதிகமான தரைகள் ஆகியவை சரியான இடங்கள். சிகாகோவில் 1976-இல் முடிந்த வாட்டர் டவர் பிளேஸில் 62 மெகாபாஸ்கல் பயன்பட்டது. கோலாலம்பூர் பெட்ரோனாஸ் கோபுரங்களின் கீழ்த்தூண்களும், துபாயில் 2010-இல் திறந்த புர்ஜ் கலிஃபாவின் கீழ்ப்பகுதிச் சுவர்களும் தூண்களும் 80 கிரேடு. இவற்றில் எனக்குப் பிடித்தது சியாட்டிலின் டூ யூனியன் ஸ்குவேர். 1989-இல் அங்கே 3 மீட்டர் விட்ட எஃகுக் குழாய்களுக்குள் நிரப்பிய கான்கிரீட் 131 மெகாபாஸ்கலைத் தொட்டது. சுமைக்கு அவ்வளவு வேண்டியிருக்கவில்லை. காற்றில் கட்டடம் ஆடாமல் இருக்க 50 கிகாபாஸ்கல் விறைப்பு கேட்டார்கள்; அந்த விறைப்பைத் துரத்திப் போனதில் வலிமையும் கூடவே வந்துவிட்டது.

படி 2: பொருட்களைத் தேர்ந்தெடுப்பது

முதலில் தண்ணீர் பற்றிப் பேசியாக வேண்டும். தண்ணீர்–சிமெண்ட் விகிதம் குறையக் குறைய வலிமை ஏறும் என்று அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் காட்டினார். சிமெண்ட் தன் எடையில் சுமார் 23 சதவீதம் தண்ணீரைத்தான் வேதிவினையில் கட்டிக்கொள்கிறது. சாதாரணக் கலவையில் நாம் ஊற்றுவது 50 சதவீதம். மிச்சத் தண்ணீர் வெளியேறியதும் அது இருந்த இடம் துளையாகிவிடும். ஜல்லியைச் சுற்றி சில பத்து மைக்ரான் தடிமனில் இந்தத் துளைகள் கூடுதலாக இருக்கும். சாதாரணக் கியூப் உடையத் தொடங்குவதும் அங்கேதான். அதிவலிமைக் கலவையில் விகிதம் 0.25-க்கும் 0.35-க்கும் இடையில் நிற்க வேண்டும்.

இவ்வளவு குறைந்த தண்ணீரில் கலவை மண்ணாங்கட்டியாகத்தான் இருக்கும். அதை ஓட வைப்பது சூப்பர் பிளாஸ்டிசைசர். இன்று பெரும்பாலும் பிசிஇ எனப்படும் பாலிகார்பாக்சிலேட் வகைதான். தண்ணீரை 30 சதவீதம் அளவுக்கு வெட்டினாலும் கலவை பம்பில் போகும்.

அடுத்து சிலிகா ஃப்யூம். சிலிக்கான் உலைகளின் புகையில் பிடிக்கும் தூள் இது. ஒரு துகள் சிமெண்ட் துகளில் நூறில் ஒரு பங்கு இருக்கும். சிமெண்ட் துகள்களுக்கு இடையிலும் ஜல்லியை ஒட்டியும் உள்ள இடுக்கில் போய் உட்கார்ந்து, சிமெண்ட் விட்ட சுண்ணாம்போடு வினைபுரிந்து இன்னும் கொஞ்சம் பசையாகவும் மாறும். மொத்தப் பிணைப்புத்தூளில் (சிமெண்டும் அதோடு சேரும் தூள்களும்) 5 முதல் 10 சதவீதம் போதும். கூடப் போட்டால் கலவை கோந்து மாதிரி ஒட்டும், பணமும் வீண். கூடவே ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) அல்லது ஜிஜிபிஎஸ் (இரும்பு உலைக் கசடை அரைத்த தூள்) சேர்ப்பது சூட்டைக் குறைக்கவும் கலவை நகரவும் உதவும். எல்லாவற்றையும் சிமெண்டாகவே போட்டு வலிமை வாங்கப் பார்ப்பவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது விரிசல்தான்.

ஜல்லி: உடைத்த கிரானைட், பசால்ட் போன்ற கெட்டிக்கல், கனசதுர வடிவம், தூசி இல்லாமல். 60 மெகாபாஸ்கல் சுற்றுவட்டாரத்துக்கு 20 மி.மீ. போதும், அதற்கு மேலே போகும்போது 10 அல்லது 12.5 மி.மீ.க்கு இறங்குங்கள். பெரிய கல்லை உடைக்கும்போது உள்ளே நுண்விரிசல் தங்கிவிடும். அதைச் சுற்றி வலுவில்லாத படலமும் அதிகம். மணல் கொஞ்சம் பருமனாகவே இருக்கட்டும். நுண்மைக் குறியீடு (மணலின் பருமனைச் சொல்லும் எண்) 3-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. பொடி மணல் எதற்கு, பொடியாக ஏற்கெனவே இவ்வளவு போட்டிருக்கிறோமே.

படி 3: கலவைக் கணக்கு

எம் 80 வேண்டும் என்றால் 80-ஐக் குறிவைக்கக் கூடாது. கியூப் முடிவுகள் மேலும் கீழும் போகும். அந்த ஏற்ற இறக்கத்தின் அளவான நியமவிலக்கம் 6 என்று எடுத்தால் இலக்கு 80 + 1.65 × 6, அதாவது சுமார் 90 மெகாபாஸ்கல். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், சோதனை மெஷினைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

ஒரு கனமீட்டருக்குத் தொடக்கக் கலவை இப்படி இருக்கலாம்: சிமெண்ட் 420 கிலோ, ஃப்ளை ஆஷ் 90, சிலிகா ஃப்யூம் 40, ஆக மொத்தம் 550. இந்த மொத்தத்துக்குத் தண்ணீர் விகிதம் 0.27, எனவே தண்ணீர் 148 லிட்டர். ஜல்லி சுமார் 1,080 கிலோ, மணல் 640 கிலோ, பிசிஇ பிணைப்புத்தூளில் 1 சதவீதம் அளவில். கன அளவுகளைக் கூட்டினால் ஒரு சதவீதக் காற்றோடு சேர்த்து ஒரு கனமீட்டர் வரும். இதை அப்படியே கொண்டுபோய்த் தூணில் ஊற்றிவிடாதீர்கள். உங்கள் சிமெண்ட், உங்கள் கல், உங்கள் பிசிஇ வேறு. ஆய்வகத்தில் முதல் கலவை போட இது ஓர் ஆரம்பம், அவ்வளவுதான்.

படி 4: சிமெண்டும் பிசிஇயும் ஒத்துப்போகிறதா?

பலரும் தாண்டிப் போகும் படி இது. நல்ல சிமெண்டும் நல்ல பிசிஇயும் சேர்ந்து மோசமாக நடந்துகொள்வது உண்டு. இருபதாம் நிமிடத்தில் கலவை இறுகிவிடும், அல்லது பசை தனியாகக் கல் தனியாகப் பிரிந்து நிற்கும். மார்ஷ் கோன் சோதனை இதை ஒரு மதியத்தில் காட்டிவிடும். சிமெண்ட், சிலிகா ஃப்யூம், தண்ணீர், பிசிஇ மட்டும் கலந்த பசையை, அடியில் துளையுள்ள கூம்பில் ஊற்றி, ஒரு லிட்டர் வடிய எத்தனை வினாடி என்று பாருங்கள். பிசிஇயைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது நேரம் குறைந்துகொண்டே வந்து, ஓர் அளவுக்குப் பின் குறையாது. அதுதான் நிறைவுப்புள்ளி, அதைத் தாண்டி ஊற்றினால் கலவை பிரியும். 5-ஆம் நிமிடத்தில் ஒரு முறை, 60-ஆம் நிமிடத்தில் ஒரு முறை அளவெடுங்கள். இரண்டு கோடும் ஒட்டியே போனால் ஜோடி சரி. விலகிப் போனால் பிசிஇயை மாற்றுங்கள், அதைவிட லேசான வழி இல்லை.

அதன்பின் கான்கிரீட்டாகவே கலந்து, ஸ்லம்பை (கூம்பு அச்சை உருவியதும் கலவை எத்தனை மி.மீ. சரிகிறது என்ற அளவு) 0, 30, 60, 90 நிமிடங்களில் எடுங்கள். லாரி வந்து சேர ஆகும் நேரம், பம்பில் காத்திருக்கும் நேரம் இரண்டையும் கூட்டி, அதற்கு மேலும் அரை மணி நேரம் கலவை தாக்குப்பிடிக்க வேண்டும்.

படி 5: மணலில் ஒளிந்திருக்கும் தண்ணீர்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். மேலே சொன்ன 640 கிலோ மணல் மழையில் நனைந்து மொத்த ஈரம் 4 சதவீதம் என்று வைப்போம். மணல் தனக்குள் உறிஞ்சிக்கொள்வது 1 சதவீதம். மிச்ச 3 சதவீதம், அதாவது 19 லிட்டர், கலவைக்குள் வரும் தண்ணீர். அதைக் கழிக்காமல் 148 லிட்டரையும் ஊற்றினால் உள்ளே 167 லிட்டர் இருக்கும்; 0.27 என்று நினைத்த விகிதம் 0.30 ஆகியிருக்கும். யாரும் தப்பு செய்யவில்லை, தராசு சரி, மீட்டர் சரி, ஆனால் கியூப் விழும். எம் 25-இல் இதே பிழையால் இழப்பது சில மெகாபாஸ்கல்; அங்கே இலக்குக்கும் தேவைக்கும் இடையிலான இடைவெளி அதை விழுங்கிவிடும். இங்கே அந்த இடைவெளியையே தின்றுவிடும்.

எனவே மணலின் ஈரத்தைக் காலையிலும், மதியமும், மழை பெய்தால் உடனேயும் பாருங்கள். மணல் குவியலுக்குக் கூரை போடுங்கள். குவியலின் அடியிலிருந்து அள்ளாதீர்கள், தண்ணீர் அங்கேதான் தேங்கும். பிசிஇயே ஒரு கரைசல் என்பதால் அதிலுள்ள தண்ணீரும் கணக்கில் சேர வேண்டும். லாரியைக் கழுவிய தண்ணீர் டிரம்முக்குள் தங்கியிருக்கிறதா என்று டிரம்மைத் திருப்பிச் சுழற்றிப் பார்த்துவிட்டே ஏற்றுங்கள்.

படி 6: கலப்பது, கொண்டுவருவது, போடுவது

சிலிகா ஃப்யூம் மூட்டைகளில் உருண்டையாகத் திரண்டே வரும். அதை உடைக்காமல் விட்டால் கான்கிரீட்டுக்குள் மிளகு அளவு உருண்டைகளாகவே உட்கார்ந்துவிடும். ஒரு வேலையில் 28-ஆம் நாள் கியூப் முடிவு ஏன் மேலும் கீழும் குதிக்கிறது என்று மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். உடைந்த கியூபை வெயிலில் திருப்பிப் பார்த்தபோது சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தன. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. வரிசையை மாற்றினோம்: முதலில் ஜல்லியும் கொஞ்சம் தண்ணீரும் சிலிகா ஃப்யூமும், கல் அதை அரைத்துவிடும், பிறகு சிமெண்ட், ஃப்ளை ஆஷ், அப்புறம் மணல், கடைசியில் மிச்சத் தண்ணீரும் பிசிஇயும். கலக்கும் நேரத்தையும் கூட்டினோம். புள்ளிகள் போய்விட்டன.

முதல் ஒரு நிமிடம் கலவை வறண்டு கிடப்பதைப் பார்த்து ஆபரேட்டருக்குக் கை பரபரக்கும். பிசிஇ வேலை செய்ய நேரம் எடுக்கும். திடீரென்று கலவை இளகும். அதற்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கதை முடிந்தது. தளத்தில் ஸ்லம்ப் குறைந்து வந்தாலும் இதே விதிதான்: தண்ணீர் கிடையாது. ஏற்கெனவே சோதித்து வைத்த அளவில் பிசிஇ சேர்த்து, டிரம்மை வேகமாகச் சில நிமிடம் சுற்றி, திரும்ப அளக்கலாம். அப்படியும் வரவில்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

ஸ்லம்ப் 200 மி.மீ. காட்டினாலும் இந்தக் கான்கிரீட் தேன் மாதிரி மெதுவாகத்தான் நகரும். தானாகப் போய் நிரம்பும் என்று நம்பி வைப்ரேட்டரைக் குறைத்தால் தூணின் அடியில் தேன்கூடு போல ஓட்டைகள் விழும். ஊசியை நெருக்கமான இடைவெளியில் இறக்குங்கள், மெதுவாக உருவுங்கள். பம்ப் அழுத்தமும் கூடும். புர்ஜ் கலிஃபாவில் 600 மீட்டருக்கு மேல் ஒரே தள்ளலில் ஏற்றினார்கள் என்றால், அதற்கு முன் தரையில் குழாயைப் படுக்கப் போட்டுச் சோதித்துப் பார்த்திருந்தார்கள்.

தூணும் ஸ்லாபும் சந்திக்கும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. தூண் 60, ஸ்லாப் 30 என்றால் மேல்தூணின் சுமை, நடுவில் இருக்கும் 30 ஸ்லாப் வழியாகத்தான் கீழ்த்தூணுக்கு இறங்கும். சாண்ட்விச்சின் நடுவில் மட்டும் மெத்து. தூண் கான்கிரீட் ஸ்லாபைவிட 1.4 மடங்குக்கு மேல் போனால் அமெரிக்க விதிநூல் தனிக் கவனம் கேட்கிறது. வழக்கமான தீர்வு, தூணின் முகத்திலிருந்து சுற்றிலும் 600 மி.மீ. வரை ஸ்லாபிலும் தூண் கான்கிரீட்டையே முதலில் போட்டு, அது இளகி இருக்கும்போதே ஸ்லாப் கான்கிரீட்டைச் சேர்த்து இரண்டையும் அதிர்வூட்டி இணைப்பது. அன்று தளத்தில் இரண்டு வகை லாரி நிற்கும். எது எந்த லாரி என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மாறிப்போனால் பிறகு பார்வையில் கண்டுபிடிக்க முடியாது.

படி 7: கியூரிங்கும் சூடும்

சாதாரண ஸ்லாபில் மேலே கொஞ்சம் தண்ணீர் கசிந்து நிற்கும், அது வற்றும்வரை நமக்கு அவகாசம். சிலிகா ஃப்யூம் கலவையில் அந்தக் கசிவே கிடையாது. காற்று அடித்தால் போட்ட அரை மணியில் மேற்பரப்பு தோல் போலக் காய்ந்து விரியும். ஃபினிஷிங் நடக்கும்போதே பனித்துளியாகத் தண்ணீர் தெளியுங்கள், முடிந்த கையோடு பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள்.

உள்ளேயும் ஒரு தாகம் இருக்கிறது. முன்பு சொன்ன 23 சதவீதம் வேதிவினைக்கு மட்டும்; உருவாகும் பசையும் தனக்குள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே விகிதம் 0.42-க்குக் கீழே போனால் சிமெண்ட் முழுதும் நீரேற்றமடையத் தண்ணீர் போதாது. துளைகளிலிருந்து உறிஞ்சி கான்கிரீட் தானாகச் சுருங்கும். வெளியே ஒரு சொட்டுக்கூட ஆவியாகாவிட்டாலும் சுருங்கும். கியூரிங் தண்ணீர் உள்ளே போவதும் முதல் ஓரிரு நாட்கள்தான், அதன்பின் துளைகள் அடைபட்டுவிடும். ஆகவே மூன்றாம் நாளிலிருந்து பதினைந்து நாள் ஊற்றுவதைவிட முதல் மணியிலிருந்து தொடங்குவது முக்கியம். தூணுக்கு சென்ட்ரிங் பலகையைக் கழற்றியதும் ஈரச்சாக்கு சுற்றி, மேலே பிளாஸ்டிக் சுற்றி, குறைந்தது 7 நாள், முடிந்தால் 14.

ஒரு மீட்டர் தடிமன் தூணுக்குள் கான்கிரீட் கொதிக்காத குறைதான். கனமீட்டரில் ஒவ்வொரு 100 கிலோ சிமெண்டுக்கும் சுமார் 12 டிகிரி ஏறும் என்பது கைக்கணக்கு. நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, நடுவுக்கும் மேற்பரப்புக்கும் இடையில் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. தண்ணீரின் ஒரு பகுதியை ஐஸாகப் போடுங்கள் (ஐஸின் எடையும் அந்த 148-க்குள்தான்), கோடையில் இரவில் கான்கிரீட் போடுங்கள். பலகையைச் சீக்கிரம் கழற்றிக் குளிர்ந்த தண்ணீரை அடித்து ஆற்றப் பார்க்காதீர்கள். வெளித்தோல் மட்டும் குளிர்ந்து விரிசல் விடும்.

தூணின் கம்பி விவரம் பற்றி இரண்டு வார்த்தை

அதிவலிமை கான்கிரீட் எச்சரிக்காமல் உடையும். அதை அடக்குவது நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள்தான். எம் 30-க்குப் போட்ட வளைய இடைவெளியை எம் 80-க்கு அப்படியே வைக்கக் கூடாது, நெருக்கிப் போட்டு 135 டிகிரி கொக்கி வளைக்க வேண்டும். தீ இன்னொரு எதிரி. அடர்த்தியான கான்கிரீட்டில் உள்ளே உண்டாகும் நீராவிக்கு வெளியேற வழியில்லை. மேற்பரப்பு சில்லு சில்லாக வெடித்துத் தெறிக்கும். 1996 நவம்பரில் இங்கிலாந்து–பிரான்ஸ் கால்வாய்ச் சுரங்கத் தீயில் சுவர் கான்கிரீட் இப்படித்தான் உரிந்தது. கனமீட்டருக்கு 2 கிலோ பாலிபுரொப்பிலீன் இழை சேர்த்தால், 165 டிகிரி அளவில் அது உருகி நீராவிக்கு வழிவிடும். இழை சேர்த்தால் ஸ்லம்ப் குறையும், ஆகவே சோதனைக் கலவையிலேயே சேர்த்துப் பாருங்கள்.

படி 8: கியூப் சோதனை

இலக்கு 90 மெகாபாஸ்கல் என்றோமே. 150 மி.மீ. கியூபின் முகம் 22,500 சதுர மி.மீ.; 90-இல் உடைய 2,025 கிலோநியூட்டன் வேண்டும். பல ஆய்வகங்களில் இருப்பது 2,000 கிலோநியூட்டன் மெஷின். நல்ல கியூப் அதில் உடையவே உடையாது! 3,000 மெஷின் உள்ள ஆய்வகத்தை முதலிலேயே பிடித்து வையுங்கள், அல்லது இரண்டு அளவுக் கியூபுகளின் முடிவுகளுக்கும் தொடர்புக் கணக்கு போட்டுக்கொண்டு 100 மி.மீ. கியூபுக்கு மாறுங்கள். கியூப் வெடிச்சத்தத்தோடு சிதறும், மெஷினின் தடுப்புக் கதவை மூடாமல் சுமை ஏற்றாதீர்கள்.

அச்சு தேய்ந்திருந்தால் முகம் சமமாக இருக்காது. எம் 25-இல் தெரியாத இந்தக் கோணல், எம் 80-இல் முடிவைக் கீழே இழுத்துவிடும். ஃப்ளை ஆஷ், ஜிஜிபிஎஸ் கலந்தவை 28 நாளுக்குப் பின்னும் நன்றாக ஏறும். கீழ்த்தளத் தூணுக்கு முழுச் சுமை வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் 56 அல்லது 90 நாள் வலிமையை ஏற்றுக்கொள்வது நியாயமே. ஆனால் அதை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதுங்கள், 28 நாள் முடிவு விழுந்த பிறகு பேசினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முடிவு குறைந்தால் முதலில் மெஷினையும் அச்சையும் சுமை ஏற்றிய வேகத்தையும் பாருங்கள். பிறகு அன்றைய ஈரப்பதிவேடு, லாரிச் சீட்டுகள். அதிலும் விடை இல்லையென்றால் தூணிலிருந்து மூன்று கோர் (துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு) எடுக்க வேண்டியதுதான்: அந்த கிரேடுக்குரிய கியூப் வலிமையில் சராசரி 85 சதவீதத்துக்குக் குறையாமலும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகாமலும் இருந்தால் கான்கிரீட் ஏற்கப்படும். துளைக்கும் முன் கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த துளையை, சுருங்காத அதிவலிமை கிரௌட்டால் அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.